குழப்படி

இரவு இரண்டேகால்.
கொழும்புக்குப் போன கடைசி பஸ்ஸும்
இப்போது புத்தளம் தாண்டியிருக்கும்.
சீட் பதிய ஒருவரும் விழித்திராத நேரம் பார்த்து
கொக்குவில் சந்தியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
தனியே இருக்கிறேன்.
பதினாறு கொள்கலன்களை
விழுத்திப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவள்.

கொள்கலன்.
ளகரம் கொஞ்சம் வழுக்கினால்
நான் எழுதாத சொல் வந்துவிடும்.

கறுப்புத் திரை. துடிக்கிற ஒரு சின்னக் கோடு.
கட்டளைக்கு நான் வைத்த பெயர் குழப்படி.
உள்ளே இருப்பது வேறு, ஆங்கிலத்தில் நாலெழுத்து.
ஒரேயொரு தரம் எழுதி
கோப்புக்குள் மூடிவைத்தேன்.
"ஏன் சுத்தி வளைக்கிறாய்?" என்றான் ஜெனோசன்.
"எழுத்துப் பிழை வருது" என்றேன்.
பிறகு அவன் கேட்கவில்லை. அவனும் இந்த ஊர்தான்.

குழப்படி, முப்பது செக்கனுக்கு ஒன்று, எழுந்தமானமாய்.
எழுந்தமானம்:
விழுத்துவதற்கென்று
யாரோ யோசித்து வைத்த சொல்.

முதலில் காசு வாங்குவது விழுந்தது.
மூன்று செக்கனில் எழும்பிவிட்டது.
பெயர் அதே, அடையாள எண் மட்டும் புதிது.
முந்தியதைப் பற்றி ஒன்றும் தெரியாமல்
வேலையைத் தொடங்கியது.
எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அதுதான் சரி.

அடுத்து குறுஞ்செய்தி அனுப்புவது.
அடுத்து சீட் வரைபடம்.
அது எழும்பி வருவதற்குள்
எந்த றோட்டிலும் ஓடாத ஒரு பரிசோதனை பஸ்ஸில்
இருபத்துமூன்றாம் சீட்
இரண்டு பேருக்குப் போய்விட்டது:
வல்லிபுரம் ஒன்று, வல்லிபுரம் இரண்டு.
இரண்டும் நான் இட்ட பெயர்கள்.
சண்டை பிடிக்கவில்லை. குறித்துக்கொண்டேன்.

பிறகு விழுத்தாமல், தாமதம் மட்டும்.
ஒவ்வொரு பொதிக்கும் எண்ணூறு மில்லிசெக்கன்.
இதுதான் மோசம்.
விழுந்ததை எல்லோரும் கடந்து போவார்கள்.
மெல்ல நடப்பதன் பின்னால்
மரியாதையாய் வரிசையில் நின்று
எல்லோரும் நடக்க மறப்பார்கள்.

இரண்டு ஐம்பத்திரண்டு. எல்லாம் நின்றது.
நான் ஒன்றும் தட்டவில்லை.
தாமதத்தை எடுத்துக் கால் மணித்தியாலம்.
பதினாறும் பச்சை,
ஒரு சீட்டும் பதியவில்லை.

பதிவேட்டைப் பின்னோக்கி உருட்டினேன்.
எல்லாம் ஒரு கதவைத் தட்டிக்கொண்டு நின்றன.
அந்த முகவரி எங்கள் பட்டியலிலேயே இல்லை.

ஏழாவது மணிக்கு ஜெனோசன் எடுத்தான்.
"குருநகரில கரண்ட் போட்டுது,
விசிறியும் இல்லை, நித்திரையும் இல்லை. என்ன?"
முகவரியை வாசித்தேன்.
நுளம்பு ஒன்றை அடிக்கிற சத்தம்.
"அது... டிக்கட் விலை சொல்லுறது.
என்ர பழைய லப்ரொப்பில ஓடுது.
மாசியில, ஒரு கிழமைக்கெண்டு வைச்சனான்."
இது ஐப்பசி.
"எங்க வைச்சிருக்கிறாய்?"
"சோத்துக் குக்கருக்குப் பக்கத்தில.
பற்றறி முடிஞ்சுது, வயரிலதான் நிக்குது."

விசாவுக்குப் போனவர்கள், கண் காட்டப் போனவர்கள்,
பிரேதம் எடுக்கப் போனவர்கள்,
எட்டு மாதமாய் அத்தனை பேருக்கும்
விலை சொன்னது ஒரு குசினி.
அவன் மனுசி ஒருநாளும்
பிளக்கை மாறிக் கழற்றாததில்
ஓடியது எங்கள் நிறுவனம்.

கோபம் வர வேண்டும். சிரிப்புத்தான் வந்தது.
அவனும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

மூன்றேகாலுக்கு குருநகரில் வெளிச்சம் வந்தது.
விலைகள் பேசத் தொடங்கின.
பட்டியலில் பதினேழாவது வரி சேர்த்தேன்: குசினி.
அதை விழுத்த என் கட்டளையால் முடியாது,
மின்சார சபை வேண்டும்.

யன்னலுக்குக் கீழே பாண் வான் ஒன்று
பாட்டுப் போடாமல் போனது.
வல்லிபுரங்கள் இருவரும்
இன்னும் இருபத்துமூன்றில்தான்,
ஒருவர் மடியில் ஒருவர்.