காலை ஐந்து முப்பத்து நான்கு

காவேரிப்பட்டணம் பைபாஸில்
எடைமேடைக்குப் பின்னால் ஒரு தகர அறை.
உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு,
அதில் லினக்ஸ்.
நான் அதற்கு வைத்த பெயர் பீத்தர்.
கூழ் ஆலையின் சர்வர் பெங்களூரா.
செந்தூரா போன வருஷம் இடியில் போய்விட்டது.

ராத்திரி பதினொன்றரைக்கு அப்சர் கூப்பிட்டான்.
"அக்கா, சீட்டுல தேதி தப்பா விழுது.
சனிக்கிழமையில இருந்து."
சனிக்கிழமையில் இருந்தா?
"எடை சரியா விழுதேன்னு விட்டுட்டேன்."

பாலம் வரைக்கும் லாரி நின்றது.
பழுக்கத் தொடங்கிவிட்ட வாசனை.

ஃபைபர் வயரை எவனோ ஜேசிபியால் இழுத்துப் போயிருக்கிறான்.
கரண்ட் ஆறு முறை போய் வந்திருக்கிறது.
பீத்தருக்குப் பேட்டரி கிடையாது,
வாங்கக் கேட்ட தாள் மேலாளரின் டிராயரில்:
நூற்றைம்பது ரூபாய்.
நேரம் கேட்க ஆளில்லாதபோது
அது தொடக்கத்திலிருந்து எண்ணும்.
1970 ஜனவரி 1.
கிரீன்விச்சில் நள்ளிரவு,
நம்மூரில் காலை ஐந்தரை.

அதாவது
ஒவ்வொரு முறை கரண்ட் வந்தபோதும்
இங்கே விடிந்திருக்கிறது.
மார்கழிக் குளிரில்
டன் டன்னாக மாங்காய் இறங்கியிருக்கிறது.

ரூட்டாக நுழைந்தேன்.
ரூட் எதையும் அழிக்கலாம்,
யாரையும் வெளியே தள்ளலாம்,
காலத்தையே நகர்த்தலாம்.
மணி என்ன என்பதை மட்டும்,
என் போனும் செத்துவிட்டதால்,
அப்சரின் கைக்கடிகாரத்திடம் கேட்டேன்.
"பன்னண்டு ஏழு. ரெண்டு நிமிஷம் கூட ஓடும்."
பன்னிரண்டு ஐந்து என்று அடித்தேன்.

நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்.
கரண்ட் போன நேரம், வந்த நேரம் எல்லாம்
வாட்ச்மேன் இருசப்பன் ஜெனரேட்டர் நோட்டில்
பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.
அதோடு லாக்கைக் கூட்டிக் கூட்டி
விடியும்வரை, நிஜமாக விடியும்வரை,
தேதிகளை மீட்டேன்.
ஐந்து நிமிஷம் முன்னே பின்னே இருக்கலாம்.

காலையில் பழைய சீட்டைக் கொடுத்துப் புதியது வாங்க வரிசை.
வேப்பனப்பள்ளி கெம்பண்ணன் தன்னுடையதை நீட்டிப் பிடித்தார்.
"பதினஞ்சு நாள்ல பணம்னு போட்டிருக்கு.
அம்பத்தஞ்சு வருஷ வட்டி யாரு தருவா?"
மேலாளரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

புதியதை வாங்கிக்கொண்டார்.
பழையதைத் தரவில்லை.
"எழுபதுல அந்தத் தோப்பு வேற ஆளுது.
எங்கம்மா அதுல கூலிக்குக் காய் பறிச்சாங்க.
இதுல பாருங்க, எங்க பேர்ல இருக்கு."

பார்த்தேன்.
கெம்பண்ணன், வேப்பனப்பள்ளி.
நிகர எடை 2,340 கிலோ.
01-01-1970, 05:34.
திரும்ப வாங்காமல் விடக்கூடாது என்பது விதி.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
நான் மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

லாக்கில் அந்த ஒரு வரியை அழிக்கவில்லை.
முன்னால் ஒரு # போட்டேன்.
இனி இயந்திரம் அதைப் படிக்காது.
ஆட்கள் படிக்கலாம்.

பேட்டரி இன்னும் வரவில்லை.