பதின்மூன்று வாரம்

பருவத்துக்குப் பதின்மூன்று வாரம்.
பலா காய்க்க ஐந்தாண்டு.
பாடத்திட்டப் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

நிலம் கேட்டேன்.
கிராஞ்சியில் குத்தகை முடியப்போகும் ஒரு மூலை,
சனிக்கிழமை காலை மட்டும்.
பேருந்துக்குப் பணம் ஒரே ஒரு தடவைக்கு.

மற்ற வாரமெல்லாம்
கார் நிறுத்தும் கட்டடத்து மொட்டைமாடி:
ஒரு வாளியில் பலாக்கன்று,
பக்கத்து வாளிகளில் பாண்டான், மஞ்சள்.
காடு என்று சொல்லிக்கொள்ள
கைக்குட்டை அகலம் நிழல்.

"இதுக்கு எப்படி மார்க் போடுவீங்க?"
ஷு யிங் கேட்டாள்.
மணிக்கொரு தரம் நிழலின் ஓரத்தில்
சாக்பீஸால் கோடு போடச் சொன்னேன்.
வேறென்ன சொல்ல.

மூன்று மணிக்கு மழை.
கோடெல்லாம் போயிற்று.
எல்லோரும் படிக்கட்டுக்கு ஓட,
அவள் மட்டும் நனைந்தபடி
மஞ்சள் வாளியை இழுத்துக்கொண்டிருந்தாள்,
நாளை பத்து மணிக்கு
நிழல் விழப்போகும் இடத்துக்கு.