மேல்மேன்

கட்டுரை கிடைத்தது, நல்ல நடை,
சேர்த்துக்கொள்கிறோம் என்று
ஆசிரியர் எழுதியது ஒரு மாசி மாதம்.
கீழே ஒரு கேள்வி:
பர்மாவில் எத்தனை நாள் தங்கினீர்கள்?

நாற்பத்தோரு வருடம் என்று எழுதி
அடித்தேன்.
சில காலமாக, என்று அனுப்பினேன்.

மோல்மேனில் சைக்கிள் உதிரிபாகக் கடை எனக்கு.
பால்ரஸ் டப்பாவுக்கும் செயின் உறைக்கும் நடுவே
பில் புத்தகத்தின் முதுகில் எழுதுகிறவன்.
ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை.
ஆகவே என் பயணங்கள் எல்லாம்
இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடியவை.

முன்னால் ஏழு கட்டுரை திரும்பி வந்திருந்தன.
தங்கக் கோபுரம் எங்கே என்றார் ஒருவர்.
காடு வழியே நடந்துபோனவர்களின் கண்ணீரை
இரண்டு பக்கம் கேட்டார் ஒருவர்.
வாசகர் போக ஆசைப்படும் ஊராக எழுதுங்கள்
என்று ஒருவர், மரியாதையாக.

எட்டாவது பிலுச்சூன்.
பூதத் தீவு என்று பொருள்.
பூதம் கிடையாது.
கொடியில் காயும் ரப்பர் வளையங்கள் உண்டு,
பள்ளிக்கூடச் சிலேட்டு அறுக்கும் வீடுகள் உண்டு.
போவதற்குப் படகு.
படகு நேரம் யாருக்கும் தெரியாது,
ஆற்றில் நீர் ஏறவேண்டும்.
ஏறும்வரை வாத்துக்கூடை, உமி மூடிய ஐஸ்கட்டி,
யாரோ ஒரு மணப்பெண்ணின் இரும்பு பீரோ
எல்லாவற்றோடும் நானும் காத்திருப்பேன்.

பீரோவில் சாய்ந்துகொண்டு
சிலேட்டு வியாபாரி மி ஓன் கேட்டாள்:
என்ன எழுதுகிறாய்?
பார்ப்பதை.
யாருக்கு?
பார்க்காதவர்களுக்கு.
அவர்கள் ஏன் வரவில்லை?
இதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதையும்
கட்டுரையில் எழுதியிருந்தேன்.

பிறகு தீபாவளி மலர் வந்தது.
தேர்தல் சிறப்பிதழ் வந்தது.
ஆலய உலா, ஆடித் தள்ளுபடி, மறுபடி தீபாவளி.
இங்கே ஆற்றில் தூண் தூணாக
ஒரு பாலம் எழும்பிக்கொண்டிருந்தது.
அடுத்த இதழில் நிச்சயம் என்றார் ஆசிரியர்.
அடுத்த மாதம் திறப்பு என்றார்கள் இங்கே.
பாலம் முந்திக்கொண்டது.

பக்கம் அறுபத்திரண்டு. ஒன்றரைப் பத்தி.
மிச்சம் அரைப் பத்தி மூட்டுவலித் தைலத்துக்கு.
படத்தில் ஏதோ கேரளத்துப் படகு.
மி ஓன் கேட்ட கேள்விகள் இல்லை,
பீரோ இல்லை.
கீழே என் பெயர் சரியாக இருந்தது,
க. அய்யாக்கண்ணு.
ஊரில்தான் ஒரு துணைக்கால் உதிர்ந்து
மேல்மேன் ஆகியிருந்தது.
சன்மானம் நானூறு ரூபாய்,
இந்திய முகவரி தரவும்.

இருந்தாலும் அன்று கடையை
பதினொரு மணிக்கே சாத்தினேன்.
யாரிடம் சொல்வது என்று தெரியாமல்
ஒரு தெரு முழுக்க நடந்தேன்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து கடிதம் ஒன்று வந்தது,
ஒரே ஒரு வாசகர், தட்டெழுத்தில்.
டிசம்பரில் துணைவியாருடன் வருகிறாராம்.
படகு எத்தனை மணிக்கு?

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில்
பாலத்தைத் தாண்டினேன்.
ஆறு அடியில் போனது,
சரியாகப் பார்ப்பதற்குள் முடிந்தும் போனது.
தீவுப்பக்கம் பாலத்தடியில்
மி ஓன் கடை போட்டிருந்தாள்,
சிலேட்டு, மூங்கில் தொப்பி, குளிர்ந்த கரும்புச்சாறு.
பக்கத்தை விரித்துக் காட்டினேன்.
தைல விளம்பரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு கேட்டாள்:
இதில் நான் எங்கே?

வெட்டிவிட்டார்கள் என்பதற்கு
பர்மியச் சொல் எனக்குத் தெரியும்.
வாயில் வரவில்லை.
விரல் போய் நின்ற இடம் மேல்மேன்.
அங்கே, என்றேன்.

இவ்வளவுதானா, என்றாள்.
ஆனால் ஒரு சிலேட்டை எடுத்து
எச்சில் தொட்டுத் துடைத்து
எழுத்து எழுத்தாக, கோலம் பார்த்துப் போடுவதுபோல்,
வரைந்து முடித்தாள். என்னைவிட அழகு.
கடை முகப்பில் சாய்த்து வைத்தாள்.

தொப்பி வாங்க வந்தவன்
இது எவ்வளவு என்றான்.
விற்பதற்கில்லை என்பாள் என்று
நான் நினைத்துக்கொண்டு நிற்க,

எண்ணூறு சாட், என்றாள்,
எழுதாததும் அதே விலைதான்.