நான்கு விநாடி

டொக்யாட் வீதியில் எங்கள் பழைய கொம்பனிக் கட்டடத்தை
மும்பாய் ஆக்கியிருந்தார்கள்.
கண்ணாடிக் கதவு, பிளாஸ்டிக் பனை,
"32ஆம் மாடி" என்றொரு பித்தளைப் பலகை.
கட்டடத்துக்கு மொத்தமே இரண்டு மாடி.
யன்னலுக்குப் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள்
உட்துறைமுகக் கடல் தெரிந்துவிடக் கூடாதென்று.

கதையைச் சொன்னது மேக்கப் போட்ட பெடியன்:
தகப்பனின் வங்கியை ஒருவன் விழுங்குவான்,
இருபது வருஷம் கழித்து அவனை மகன் விழுங்குவான்
பங்குச் சந்தையில் வைத்து.
கடைசியில் மழை. மொட்டை மாடி. கோட்டுப் போட்ட இரண்டு பேர்.
வசனம் ஏழு பக்கம்.

எனக்கு வசனம் இல்லை.
மூன்றாவது கவுண்டரில் இருக்க வேண்டும்,
கதாநாயகன் வந்ததும் பேரேட்டைத் திருப்பி நீட்ட வேண்டும்.
நாட்கூலி மூவாயிரம், மத்தியானம் புரியாணி.
"அசல் காசாளர் மாதிரியே இருக்கிறீங்க, அக்கா"
என்றான் உதவி இயக்குநர்.
பதினொரு வருஷம் இதே கவுண்டரில் இருந்தவள் என்று
அவனுக்கு நான் சொல்லவில்லை.

தயாரிப்பாளர் டி. கே. சிங்.
எனக்குத் தெரிந்த நாளில் முழுப்பெயர்
தருமகுலசிங்கம்.
கதிரையில் இருந்தார். என்னைப் பார்த்தார்.
கவுண்டரைப் பார்ப்பதுபோல.

அப்போது
முக்காட்டு நுனியில் முடிந்த நாற்பதாயிரத்தை
மூதூர்ப் படகால் இறங்கி வந்து அவிழ்த்துத் தந்தா
றகீமா உம்மா.
சாம்பல்தீவு வெங்காயக் காணியை விற்றுத் தந்தா கனகேஸ்வரி.
மா ஆலையில் ஒரு விரலைக் கொடுத்து
எடுத்த நட்டஈட்டை அப்படியே தந்தார் எமிலியானுஸ்.
நூற்றுக்கு இருபத்தெட்டு.
"கடல் வற்றினாலும் எங்கள் வட்டி வற்றாது" என்று
துண்டுப்பிரசுரம்.

பிறகு ஒரு திங்கட்கிழமை.
இங்கே கேட்டால் கொழும்பு என்றார்கள்,
கொழும்பில் கேட்டால் சிங்கப்பூர்.
எமிலியானுஸ் ஒன்பது விரலால்
மாலை வரைக்கும் ஷட்டரை அடித்தார்.

ஒரு பேரேடு பொலீசுக்குப் போனது.
மற்றது, பச்சை மட்டை,
எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கிடந்தது
சூட்டிலும் கரப்பான் எச்சத்திலும்.
படப்பிடிப்புக்கு அதைத்தான் கொண்டுபோனேன்
புரியாணிப் பெட்டி வைக்கிற பையில்.
அவர்களுடைய பேரேட்டில் முதல் பக்கம் மட்டுமே எழுத்து,
மிச்சமெல்லாம் வெறுமை. மாற்றுவது கஷ்டமாக இருக்கவில்லை.
"குளோசப்," என்றார் கமராக்காரர்.
"நல்லாப் பழசாக்கி இருக்கிறாங்கள்!"
இரண்டு தரம் எடுத்தார்.

வெளியே வந்தேன்.
பஸ் நிலையத்துப் புள்ளிமான் ஒன்று
சூட்டிங் நோட்டுக்கட்டைச் சவைத்துக்கொண்டு நின்றது.
காவலாளி தடியால் துரத்தினான்.
ஐந்தாயிரத்தை வாயில் வைத்துக்கொண்டே
அது மைதானப் பக்கம் போனது, அவசரமில்லாமல்.

முதல் காட்சி.
அவர் பல்கனியில், மாலையோடு.
நான் கீழே, பதின்மூன்றாம் வரிசை, கையில் கச்சான் சுருள்.
றகீமா உம்மாவின் மகனுக்கு ரிக்கெற் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.
எமிலியானுசுக்கும் எடுத்திருப்பேன்,
அவர் இல்லை.

கதாநாயகன் கவுண்டருக்கு வந்தான்.
என் கை பேரேட்டைத் திருப்பியது.
திரை முழுக்கப் பச்சை ஓரம், நீல மை,
பெயர், தொகை, "சிங்கப்பூருக்கு" என்ற குறிப்பு,
அடியில் அவருடைய வளைந்த கையெழுத்து
ஒரு வீட்டளவு உயரத்தில்.
"உம்மாட நம்பர்!" என்று எழும்பினான் மகன்.
"நாலு ஏழு ஒன்று! அது உம்மாட நம்பர்!"
பல்கனியில் ஒரு கதிரை கிறீச்சிட்டது.
நான் எண்ணியிருந்தேன்: நான்கு விநாடி.
பதினான்கு வருஷத்துக்கு நான்கு விநாடி, போதும்.

எண்ணாதது ஒன்று.
அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில்
ஒவ்வொரு வரியிலும்
சின்னதாக, வடிவாக, வட்டப் புள்ளி வைத்து
இன்னொரு கையெழுத்து.
துண்டுப்பிரசுரத்துக்கு அந்தக் கடல் வாசகம் எழுதின கை.
வரிக்கு அரை வீதம் கொமிஷன்.
அந்த ஃபிரிட்ஜ்.

"மற்றக் கையெழுத்து ஆருடையது?"
பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

கச்சான் கோது உடைக்காமல் இருந்தேன்.
இடைவேளை விளக்குப் போட
இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.