மேற்கு சரிகிறது

யூனிட் ஏழு, கோயில் மண்டபம்.
எண்பதாம் வருடத்து ஒன்பது பி
வாசலில் பெயர் அட்டை குத்திக்கொண்டு நுழைகிறது.
பூபாலன் தலையில் ஒரு முடி இல்லை.
கோகி பெர்த்திலிருந்து புது முழங்காலோடு வந்திருக்கிறாள்.
"லோகாம்பாள்தானே நீ" என்று ஒருவன்
ஓடிவந்து கட்டிக்கொண்டான்.
அவன் அட்டையை நான் படிப்பதற்குள் போய்விட்டான்.
இந்த நிமிடம் வரை அவன் யாரென்று தெரியாது.

பிரியாணித் தேக்சாவில்
உருளைக்கிழங்கு யாருக்கு என்று அதே சண்டை.
ஸ்பீக்கர் அலறியது.
எதைச் சொல்வதானாலும்
காதில் வாய் வைத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்சாமி சாரின் மகள் தாமதமாக வந்தாள்.
சார் போய்ப் பதினோரு வருடம்.
கையில் செக்கர்ஸ் பை, அதற்குள்
எங்கள் வருகைப் பதிவேடு.
கராஜில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கிடந்ததாம்.

அந்த ஏப்ரல், அந்த மே,
நாங்கள் ஒருவரும் வகுப்புக்குப் போகவில்லை.
மைதானத்தில் உட்கார்ந்தோம். தெருவில் நடந்தோம்.
புகையில் கண் எரிந்து
அடுத்தவர் வீட்டுக் குழாயில் முகம் கழுவினோம்.
சில ஆசிரியர்கள் வேலி வரை வந்து நின்றார்கள்.
மூன்சாமி சார் வரவில்லை.
டை கட்டி, டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு
தினமும் காலி அறைக்குள் போய்க்
கதவைச் சாத்திக்கொண்டார்.
சம்பளத்துக்குப் பயந்தவர் என்று சொன்னார்கள்.
சொன்னார்கள் இல்லை. சொன்னேன்.

ஒரு புதன்கிழமை அவருடைய பழுப்பு டாட்சன் மூடிமேல்
சாக்பீஸால் எழுதினேன்.
இங்கிலீஷில் ஆறு எழுத்து.
கோழை.

பதிவேடு கைமாறிக் கைமாறி,
ஓரத்தில் மசாலா விரல் பதிந்து, என்னிடம் வந்தது.
நாற்பத்திரண்டு பெயர்.
ஏப்ரல் முழுக்க, மே முழுக்க,
எல்லோருக்கும் நேரே நீல மையில் சாய்கோடு.
வந்தார்கள். வந்தார்கள். வந்தார்கள்.
வராதவர் பட்டியல் கேட்டு
மேலிடத்திலிருந்து ஆள் வந்ததும்,
பட்டியலில் விழுந்தவர்களுக்குப் பரீட்சை இல்லை என்றதும்
எங்களுக்குத் தெரியும்.
ஒன்பது பி மட்டும் எப்படித் தப்பியது என்று
நாற்பத்து நாலு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை.
தனபாலன் கேட்காதது எனக்கு ஆச்சரியம்,
அவன் எதையும் விடமாட்டான்.

என் எண் முப்பத்தொன்று.
போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில்
விரல் மை காயாமல் நான் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளிக்கிழமை,
வகுப்பில் இருந்திருக்கிறேன்.

ஆனால் நான் தேடியது வியாழக்கிழமையை.

சார் புவியியல் ஆசிரியர்.
நான் வரைந்த எந்த வரைபடத்திலும்
மேற்கைக் குறிக்கும் டபிள்யூவின் வலது கால்
கோட்டுக்குக் கீழே வழுக்கி இறங்கும்.
மூன்று வருடம் சிவப்பு வட்டம் போட்டார்.
மூன்று வருடம் பக்கத்தில் எழுதினார்:
உன் மேற்கு சரிகிறது.
கோழை என்ற அந்த ஆறு எழுத்தில்
மூன்றாவது டபிள்யூ.
கார் மூடிமேல் அது எப்படி இறங்கியிருக்கும் என்று
அவருக்கா தெரியாது?

வியாழக்கிழமை, முப்பத்தொன்றாம் வரிசை.
மற்றக் கோடுகளைப் போலவே ஒரு கோடு.
அழுத்தி எழுதியிருப்பாரோ என்று
தாளைத் திருப்பிப் பின்புறம் தடவிப் பார்த்தேன்.
ஒரு மேடும் இல்லை.

போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள்.
மகள் பதிவேட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டே
ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.
கிட்டப் போனேன்.
"எனக்கு அப்போ எட்டு வயசு.
அப்பா காரிலே யாரோ என்னமோ கிறுக்கிட்டாங்க.
துடைக்கத் துணி எடுத்தேன், விடலை.
மழை வரட்டும்னாரு.
யாருன்னு உங்களுக்குத் தெரியுமா, ஆன்ட்டி?"

பின்வரிசையில் எனக்கென்று ஓர் இடம் விட்டு
எல்லோரும் சிரித்தபடி காத்திருந்தார்கள்.
பாட்டு ஓயவில்லை.
அவள் காதருகே குனிந்தேன்.