குளிருக்கு

கேரட் கழுவும் இடத்தில்
மூட்டையோடு சறுக்கிக் கணுக்கால் முறிந்தது.
அதற்காக மட்டும்தான் வந்தார் வீரமலை,
கோத்தகிரி அரசு மருத்துவமனை,
ஆண்கள் வார்டு, ஜன்னலோரம் ஒன்பதாம் கட்டில்.

சேர்க்கும்போது கேட்டேன்,
சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா.
அதே குரலில்
படிவத்தில் இந்த வருசம் புதிதாய்ச் சேர்ந்த வரி:
குடி உண்டா?
"எப்பவாச்சும் ஒரு கட்டிங்குங்க, குளிருக்கு."
எழுதிக்கொண்டேன்.
இந்த மலையில் எதற்கும்
குளிர்தான் வந்து சாட்சி சொல்லும்.

இரண்டாம் நாள் இரவு
டம்ளர் காபி வாய்க்குப் போகிற வழியில்
பாதி சட்டைக்குப் போனது.
"குளிருங்க சிஸ்டர்."
ஒரு கம்பளி கொடுத்தேன்.
எட்டாம் கட்டில் ஹெர்னியாக்காரர்
தன்னுடையதையும் உருவிக் கொடுத்தார்.
இரண்டுக்கும் அடியில் ஆள் நடுங்கியதில்
கட்டில் கம்பி கிணுகிணுத்தது.
நெற்றியைத் தொட்டேன்.
வேர்வை.
புல்லெல்லாம் உறைபனி பிடிக்கிற தை மாதம்,
குளிரில் யாருக்கய்யா வேர்க்கும்?

மூன்று மணிக்குச் சுவரில்
அட்டைப்பூச்சி ஏறுகிறது என்றார்.
பிறகு அவரே,
"பனிக்காலத்துல அட்டை ஏது?" என்று
பயந்துபோய் என் கையைப் பிடித்தார்.

டியூட்டி டாக்டர் வந்தார், சின்னப் பெண்,
ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டிருந்தார்.
திட்டு விழப்போகிறதென்று
வீரமலை கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.
அவர் நாடி பார்த்தார்.
"கடைசியா எப்போ குடிச்சீங்க?"
"விழுந்த அன்னிக்கு. விடியக்காலம் நாலு மணிக்கு."
"தினமுமா?"
பதில் வர நேரமானது.

முதலில் வைட்டமின் ஊசி, அப்புறம்தான் குளுக்கோஸ்.
மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது,
கொண்டை ஊசி வளைவில் லோடு லாரி இறக்குகிற மாதிரி
கியர் கியராகக் குறைக்க வேண்டும்.

இதற்கென்று தனி வார்டு இங்கே கிடையாது.
இருந்திருந்தால்
பலகையைப் பார்த்ததுமே
நொண்டியபடி திரும்பிப் போயிருப்பார்.

நான்காம் நாள் மனைவி சிலம்பாயி
கால்மாட்டில் நின்று கேட்டாள்,
காலுக்கு எதற்கு இத்தனை மாத்திரை?
நான் அவரைப் பார்த்தேன்.
அவரே சொன்னார்,
மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டு.
அவள் அழவில்லை.
"போன வருசம் தோள்பட்டை விலகி
இதே வார்டுலதான் கெடந்தாரு.
அப்பவும் இதே நடுக்கம்.
யாரும் கேக்கலையே."

அன்றிரவு பழைய நோட்டை எடுத்துப் புரட்டினேன்.
பதினான்காம் தேதி, இரவுப் பணி.
என் கையெழுத்துதான்:
'நடுக்கம். குளிர்.
கம்பளி கொடுக்கப்பட்டது.'