பதினோராம் கேள்வி

படிவத்தின் பதினோராம் கேள்வி
கீழக்கரையில் வேலை செய்யவில்லை.
'கடந்த இருபத்தெட்டு நாட்களில் எத்தனை நாள்
பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்கள்?'
பிறை தெரிந்த பிறகு
தெருவே எழுந்து நின்று சொல்கிறது:
எல்லா நாளும்.

சென்னைக்கு எழுதினேன்.
ரமலானை விலக்கிவிட்டு எண்ணுங்கள் என்றார்கள்.
விலக்கி எண்ணினேன்.
விலக்கிய இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்
ஆமினத்து சஃப்ரா, வயது பத்தொன்பது,
ஆய்வு எண் நாற்பத்தொன்று.

பெருநாள் வந்து போனது.
ஆறு நோன்பு, பிறகு களா நோன்பு,
பிறகு திங்களும் வியாழனும்,
பிறகு கிழமை இல்லாத ஒன்று.
சஹருக்கு எழுந்து வெறும் தண்ணீர் குடித்தவளை
'எம் புள்ளைக்கு ஈமான் கூடுதல்' என்று
தம்மாமில் இருக்கும் வாப்பாவிடம்
சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறாள் உம்மா.

மொழிபெயர்ப்பும் காலை வாரியது.
'எதிலும் குறை வரக் கூடாதென்று
உங்களை வருத்திக்கொள்வீர்களா?'
நோயைத் தேடிப் போன கேள்வி
தமிழில் பாராட்டாகப் போய் இறங்கியது.
உம்மா முந்திக்கொண்டாள்:
'துணி மடிச்சா ஓரம் கத்தி மாதிரி நிக்கும்.
கணக்குல நூத்துக்கு நூறு.'
ஐந்தை வட்டமிட்டேன்.
அளவுகோலில் அதற்கு மேல் இல்லை.

உள்ளுக்குள் என்ன தோன்றுகிறது என்றதற்கு
சஃப்ரா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.
ஜெட்டிக்கு அப்பால் ஒரு வள்ளம்
நங்கூரம் போட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.
'பசி தெரியல.
கோவமும் தெரியல.
ரெண்டும் ஒரே எடத்துல கெடக்குற மாதிரி இருக்கு.'
இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
ஓரத்தில் இருப்பதைக் கணினி வாங்காது.

எடை பார்க்கையில்
எண்ணுக்கு முதுகு காட்டி நிற்பது விதி.
எண் எனக்கு மட்டும்.
எதிரே அலமாரிக் கண்ணாடியில்
எண்ணைப் படிக்கும் என் முகத்தை
அவள் படித்துக்கொண்டிருந்தது
மூன்றாம் வாரம்தான் தெரிந்தது.
அதன் பிறகு,
கேலண்டரைப் பார்க்கும் ஒரு முகத்தைப்
பழகி வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவளாகவே கேட்டாள்:
'எல்லாரும் என்னய சாப்டியான்னு கேக்குறாங்க.
நீங்க சாப்டீங்களா?'
திருப்புல்லாணி வழிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில்
அன்று நானும் சாப்பிடவில்லை.
ஆமாம் என்றேன்.
அவள் புருவம் மட்டும் அசைந்தது.
இத்தனை சுலபமாகவா
இந்தப் பொய் வருகிறது?

சிகிச்சை என்று ஒன்றும் பெரிதாக இல்லை.
பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும்.
கெஞ்சாமல், மிரட்டாமல்,
தட்டு காலியாகும்வரை எழுந்து போகாமல்.
எழுதும்போது ஒரு பத்தி.
உம்மாவுக்கு அது
ஏழு மாதம், நாளுக்கு ஐந்து முறை,
இரண்டு தடவை சுவரில் மோதிய கிண்ணம்,
ஒரு தடவை அவளே வாசலில் போய் அழுதது.

மறு ரமலான் வந்தது.
நோன்பு கூடாது என்றார் டாக்டர்.
நோயாளிக்கு விலக்கு உண்டென்றார் ஆலிமும்.
விலக்கு என்ற சொல்லைக் கேட்டு
சஃப்ரா ஒரு பகல் முழுக்கப் பேசவில்லை.

நான் போனபோது மதியம் ஒன்றரை.
தெருப் பக்க ஜன்னல் சாத்தியிருந்தது.
இடியாப்பம், மீன் ஆணம், ஒரே ஒரு தட்டு.
எதிரே நோன்போடு உம்மா,
உதடு காய்ந்து, கை மடியில்.
சட்டியில் ஒரு சொட்டு எடுத்து
உள்ளங்கையில் விட்டுப் பார்க்காமல்
சமைத்த ஆணம்.

முதல் வாய்க்குப் பத்து நிமிஷம்.
இரண்டாவதற்கு அதைவிடக் கொஞ்சம்.
நான் படிவத்தை விரிக்கவே இல்லை,
கடைசியில்தான் கேட்டேன்,
பதினொன்றை மட்டும்.
போன வருஷம் 'நோன்பு போக ஒண்ணுமில்ல' என்றவள்
விரல் விட்டு எண்ணினாள்.
'ஒம்பது,' என்றாள்.
உம்மாவின் தலை நிமிர்ந்தது.
ஒன்பது என்று எழுதினேன்.
அட்டவணையில் இது பின்னடைவு.

தட்டில் பாதி மீதி இருந்தது.
அதைப் பார்த்துக்கொண்டே
யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்:
'உப்பு கூடிப்போச்சு.'